ஒரு ராத்திரிக்கு 45,600 ரூபாய்: ஜப்பான் ஏரிக்கரையில் அம்மாவோட தங்கின கணக்கு



நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நான் செலவைக் குறைக்கச் சொல்ற ஆள். ஆபீஸ் கேன்டீன்ல 20 ரூபாய் டீ கிடைக்கும்போது 250 ரூபாய் காபி எதுக்குன்னு ஒரு வீடியோ முழுக்கப் பேசியிருக்கேன். அப்படிப்பட்ட நான், 2024 அக்டோபர்ல ஒரே ஒரு ராத்திரி தங்க 45,600 ரூபாய் கொடுத்தேன். நான், எங்க அம்மா, ரெண்டு பேர். ஜப்பான்ல ஹொக்கைடோ தீவு, பொரோட்டோ ஏரிக்கரை, அய்னு மக்களோட பண்பாட்டை மனசுல வச்சுக் கட்டின ஒரு வெந்நீர் ஊற்று விடுதி.

இது தப்பான செலவா, சரியான செலவா? ஒரு சி.ஏ.வா உட்கார்ந்து கணக்கு போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இந்தப் பதிவுல உங்க முன்னாடி வைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆன தம்பி தங்கைகள் முழுசா படிங்க. உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

முதல்ல, எதுக்காகப் போனேன்

எங்க அப்பா ஒரு கூட்டுறவு சங்கத்துல எழுத்தரா இருந்தார். அம்மாவைக் காஷ்மீர் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு ஆர்.டி. போட்டு வச்சிருந்தார். அந்த ஆர்.டி. மூணு தடவை உடைஞ்சுது. ஒரு தடவை ஓட்டுவீட்டுக் கூரை மாத்த. ஒரு தடவை பாட்டிக்குக் கண் ஆபரேஷன். மூணாவது தடவை, என்னோட சி.ஏ. கோச்சிங் ஃபீஸ். ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம் போயிக்கலாம்"னு சொல்வார். 2018-ல அவர் போயிட்டார். காஷ்மீர் போகவே இல்லை.

நான் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயிலயும் அந்த மூணாவது ஆர்.டி. இருக்கு. அதனால 2023 பிப்ரவரில நான் ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சேன். மாசம் 12,000 ரூபாய், 20 மாசம், அம்மா பேரைச் சொல்லி. என்ன ஆனாலும் உடைக்கிறதில்லைன்னு ஒரு கண்டிஷன்.

காஷ்மீருக்குத்தான் முதல்ல பார்த்தேன். அம்மாதான் வேண்டாம்னாங்க. "அது உங்கப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன இடம். அது அப்படியே இருக்கட்டும். நீ வேற எங்கயாவது கூட்டிட்டுப் போ." அப்புறம் ஒரு நாள் டிவில ஏரி, மரவீடு, ஆவி பறக்கிற குளம்னு ஒரு காட்சி ஓடிச்சு. அம்மா கண்ணை எடுக்காம பார்த்தாங்க. முட்டிவலிக்காரங்க, வெந்நீர்னா விடுவாங்களா? அப்படி முடிவானதுதான் இது.

அய்னு மக்கள் யாரு?

செலவுக் கணக்குக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும். ஏன்னா நாம காசு கொடுக்கிறது இவங்க பண்பாட்டுக்காக.

அய்னு மக்கள் ஹொக்கைடோ, சகாலின், குரில் தீவுகளோட பூர்வகுடிகள். அவங்க மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு கிடையாது. ஊர்ப் பேர்கள்ல அந்த மொழி இன்னும் உயிரோட இருக்கு. 'பொரோ'ன்னா பெருசு, 'தோ'ன்னா ஏரி. பொரோட்டோன்னா நம்ம பாஷையில பெரிய ஏரி. அவ்வளவுதான். நெருப்பு, தண்ணி, கரடி, ஆந்தை, வீட்டுல புழங்குற சாமான் வரைக்கும் எல்லாத்துலயும் 'கமுய்'ங்கிற ஒரு தெய்வம் இருக்குன்னு நம்புறவங்க. வீட்டு நடுவுல அடுப்பு, அந்த அடுப்புல நெருப்புத் தெய்வம்.

1869-ல மெய்ஜி அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோன்னு பேர் வச்சு, குடியேற்றத்தை வேகப்படுத்துச்சு. அய்னு மக்கள் தலைமுறை தலைமுறையா மீன் பிடிச்ச ஆத்துல சால்மன் பிடிக்கத் தடை வந்துச்சு. பழக்கவழக்கங்களுக்கும் தடை. 1899-ல 'பாதுகாப்புச் சட்டம்'னு பேர் வச்சு, வேட்டையாடி மீன்பிடிச்சு வாழ்ந்தவங்களை விவசாயிகளா மாத்தப் பார்த்தாங்க. பள்ளிக்கூடத்துல ஜப்பானிய மொழி. அந்தச் சட்டம் 1997 வரைக்கும் புத்தகத்துல இருந்துச்சுன்னா நம்புவீங்களா? 2008-லதான் ஜப்பான் நாடாளுமன்றம் அவங்களைப் பூர்வகுடின்னு அங்கீகரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. சட்டத்துல அந்த வார்த்தை வந்தது 2019-ல. அவங்க மொழி அழியுற கடைசிக் கட்டத்துல இருக்குன்னு யுனெஸ்கோ 2009-லயே சொல்லிருச்சு.

இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசில ஒரு கேள்வி வரும்.

நான் பண்ணின முதல் தப்பு

நாங்க தங்கினது காய் பொரோட்டோ. ஹோஷினோ ரிசார்ட்ஸ் நிறுவனம் 2022 ஜனவரில திறந்தது. 42 அறை, எல்லா அறையிலயும் ஏரி தெரியும். ஊர் பேரு ஷிராவோய். சப்போரோவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில்ல ஒரு மணி நேரம் சொச்சம்.

ஒரு புக்கிங் தளத்துல விலை பார்த்தேன். வார நாள், 38,000 யென். அப்போ ஒரு யென்னுக்கு ரவுண்டா 60 பைசா வச்சுக்கிட்டேன். 22,800 ரூபாய். கொஞ்சம் அதிகம், ஆனா பரவாயில்லைன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். கார்டு நம்பர் எல்லாம் போட்டு கடைசிப் பக்கம் வந்தப்போதான் பார்க்கிறேன், மொத்தம் 76,000 யென்!

தப்பு என்னோடதுதான். நம்ம ஊர்ல ஹோட்டல்னா அறைக்கு விலை. ஜப்பான்ல ரியோகான்னு சொல்ற பாரம்பரிய விடுதிகள்ல பெரும்பாலும் ஆளுக்கு விலை. ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதுக்குள்ளயே சேர்ந்திருக்கும். பத்துப் பன்னெண்டு பதார்த்தம் வரிசையா வர்ற சாப்பாடு. அதனால நம்ம ஹோட்டல் வாடகையோட அப்படியே ஒப்பிடக்கூடாது.

இன்னும் சில விஷயம் குறிச்சு வச்சுக்கோங்க:

- வெந்நீர்க் குளியலுக்குன்னு தனி வரி உண்டு. பொதுவான அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். சில ஊர்ல கூட இருக்கும். தங்கும் வரி தனியா வாங்குற ஊர்களும் இருக்கு.
- ஜப்பான்ல டிப்ஸ் பழக்கம் கிடையாது. கொடுத்தா திருப்பிக் கொடுத்துருவாங்க.
- ரத்து பண்ற விதிகளைப் படிக்காம புக் பண்ணாதீங்க. சமையலுக்கு முன்கூட்டியே சாமான் வாங்குறதால, கடைசி நாட்கள்ல ரத்து பண்ணினா பெரிய தொகை போகும்.
- சாப்பாட்டுல எது ஆகாதுன்னு புக் பண்ணும்போதே எழுதிருங்க. மீன் சாறு கலக்காத ஜப்பானியக் குழம்பு அபூர்வம். சுத்த சைவக்காரங்க இதை நேரடியா கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் பணம் கட்டணும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. 22,800-க்கு மனசு ஒத்துக்கிச்சு, 45,600-க்கு ஒத்துக்கலை. என்ன பண்ணலாம்?

பட்ஜெட்: ஒரு உச்சம், மத்ததெல்லாம் சிக்கனம்

பேனா எடுத்தேன். மொத்தப் பயணமும் ஒரே தாள்ல:

- சென்னை – சப்போரோ விமானம், ரெண்டு பேர்: 1,24,000
- ஏரிக்கரை விடுதி, 1 ராத்திரி: 45,600
- சப்போரோவுல சின்ன ஹோட்டல், 4 ராத்திரி (ராத்திரிக்கு 9,000 யென்): 21,600
- ரயில், சாப்பாடு, நுழைவுச் சீட்டு: 36,000
- விசா, பயணக் காப்பீடு: 9,000
- பொருள் வாங்க: 9,000

மொத்தம் 2,45,200 ரூபாய். இதுல அந்த ஒரு ராத்திரி கிட்டத்தட்ட 19%. மத்த நாலு ராத்திரியும் சேர்ந்தே அதுல பாதிகூட வரலை.

நம்மள்ல நிறைய பேர் ட்ரிப் போனா எல்லா நாளும் நடுத்தரமா செலவு பண்ணுவோம். அஞ்சு நாளும் ஒரே மாதிரி ரூம். திரும்பி வந்தா எந்த ரூமும் ஞாபகம் இருக்காது. அதுக்குப் பதிலா நாலு நாள் தலை சாய்க்க ஒரு இடம், ஒரு நாள் மட்டும் வாழ்நாளுக்கும் பேசுற மாதிரி. மொத்தச் செலவு ஒண்ணுதான். கிடைக்கிறது வேற.

கடனா, ஆர்.டி.யா? இந்தக் கணக்கைப் பாருங்க

இந்தப் பதிவுல ஒரே ஒரு பத்தி படிப்பீங்கன்னா, இதைப் படிங்க.

வழி ஒண்ணு: 2,45,000 ரூபாய் பர்சனல் லோன். 14% வட்டி, 24 மாசம்னு வச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 11,763. மொத்த வட்டி சுமார் 37,300 ரூபாய். பிராசசிங் ஃபீஸ் தனி.

வழி ரெண்டு: மாசம் 12,000, 20 மாசம், 6.5% வட்டியில ஆர்.டி. நான் போட்டது 2,40,000. வட்டியா வந்தது சுமார் 13,650. இந்த வட்டிக்கு வருமான வரி உண்டு. 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து 31.2%. அது போக கையில நிக்கிறது சுமார் 9,400.

ரெண்டு வழிக்கும் வித்தியாசம் எவ்வளவு? 37,300 கொடுக்கிறதுக்கும் 9,400 வாங்குறதுக்கும் நடுவுல 46,700 ரூபாய்.

அந்த விடுதியோட வாடகை என்ன? 45,600.

புரியுதா? மாசாமாசம் கையை விட்டுப் போற பணம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடன் வாங்கிப் போயிருந்தா அந்த ராத்திரியோட காசு வட்டியா போயிருக்கும். இருபது மாசம் பொறுத்ததால அந்த ராத்திரி எனக்குக் கிடைச்சுது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அப்புறம்தான் 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தினேன்.

கல்யாணமான புதுசுல இஎம்ஐ போட்டு ஒரு ட்ரிப் போனவதான் நானும். பதினாலு மாசம் கட்டினேன். கடைசித் தவணை கட்டும்போது அந்த ஊர்ல என்ன சாப்பிட்டேன்னுகூட ஞாபகம் இல்லை.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டிய மூணு

ஒண்ணு, கார்டு கட்டணம். பல கிரெடிட் கார்டுகள்ல வெளிநாட்டுப் பணத்துல செலவு பண்ணினா 3.5% கூடுதல், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%. 45,600-க்கு 1,883 ரூபாய் சும்மா போகும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அதை வாங்கி வச்சிருங்க.

ரெண்டு, ரூபாய்ல கட்டவான்னு மெஷின் கேட்கும். வேண்டாம்னு சொல்லுங்க. யென்னுலயே கட்டுங்க. ரூபாய்ல கட்டினா அந்தக் கடைக்காரரோட மெஷின் சொல்ற மாற்று விகிதம்தான். நமக்கு நஷ்டம்.

மூணு, டி.சி.எஸ். டூர் பேக்கேஜா எடுத்தா ஏஜென்ட் உங்ககிட்ட டி.சி.எஸ். பிடிப்பார். வீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, அதனால புக் பண்ற அன்னைக்கு என்ன வீதம்னு பாருங்க. ஆனா இது செலவு இல்லைங்க! உங்க பான் எண்ல வரவு வைக்கப்படுற பணம். ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா திரும்ப வாங்கலாம். 2024 அக்டோபர் 1-லிருந்து இன்னொரு வசதியும் இருக்கு. டி.சி.எஸ். விவரத்தை உங்க ஆபீஸ்ல கொடுத்தா, சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்.ல அதைக் கணக்குல எடுத்துக்குவாங்க. நிறைய பேர் இதைக் கேட்கிறதே இல்லை.

சரி, அந்த ராத்திரி எப்படி இருந்துச்சு?

மத்தியானம் மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்டோபர் குளிர். ஏரியைச் சுத்தி மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா இருந்துச்சு. அறை நடுவுல அய்னு வீட்டு அடுப்பை ஞாபகப்படுத்துற சதுர மேசை. அம்மா அதைச் சுத்தி ஒரு தடவை நடந்துட்டு, "வீட்டு நடுவுல அடுப்பு வச்சவங்களுக்குக் குளிரோட அருமை தெரிஞ்சிருக்கு"ன்னாங்க.

குளியல் கட்டடம் ஏரியை ஒட்டி நிக்குது. கூம்பு மாதிரி கூரை. மூணு மரத்தைச் சாய்ச்சு உச்சியில கட்டுற அமைப்புக்கு அய்னு மொழியில 'கெதுன்னி'ன்னு பேரு. அவங்க பழைய வீடுகளோட கூரைக்கு அதுதான் ஆதாரம். கட்டடக் கலைஞர் ஹிரோஷி நகமுரா அதை வச்சுத்தான் இந்தக் கூரையை அமைச்சிருக்கார். தண்ணி கட்டன் சாயா நிறத்துல இருக்கும். பழங்காலத்துச் செடிகொடிகள் மண்ணுக்குள்ள மக்கி, அதோட சத்து கலந்து வர்ற ஊற்று. 'மோர்' ஊற்றுன்னு சொல்றாங்க. நம்ம மோர் இல்லைங்க, அது சதுப்பு மண்ணைக் குறிக்கிற ஜெர்மன் வார்த்தை!

பிரச்சினை இனிமேதான். ஜப்பானியப் பொதுக் குளியல்ல ஆண், பெண் தனித்தனி. ஆனா துணியோட இறங்கக் கூடாது. நீச்சல் உடையும் கூடாது. முதல்ல உட்கார்ந்து நல்லா சோப்பு போட்டுக் குளிச்சுட்டுத்தான் தொட்டியில இறங்கணும். நான் இதை அம்மாகிட்ட சொல்லவே இல்லை. சொன்னா வரமாட்டாங்கன்னு தெரியும்.

"என்னடி சொல்ற? நாலு பேர் முன்னாடியா? நான் ரூம்லயே இருக்கேன், நீ போய்ட்டு வா."

போனேன், தனியா. 45,600 ரூபாய் கொடுத்து அம்மாவை ரூம்ல உட்கார வச்சுட்டு வந்துட்டோமேன்னு தண்ணிக்குள்ள உட்கார்ந்து நொந்துக்கிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா கேட்டாங்க, "உண்மையைச் சொல்லு, இங்க ஒரு நாளைக்கு எவ்வளவு?" பொய் சொல்ல வரலை. சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் திட்டுவாங்கன்னு பார்த்தா, நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. "இவ்வளவு காசு கொடுத்துட்டு யாராவது தூங்குவாங்களா? நீ படு. நான் ஏரியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

காலையில அஞ்சு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினாங்க. கையில துண்டு. "இப்போ யாரும் இருக்க மாட்டாங்க. வா."

யாரும் இல்லை. இருட்டு கலையுற நேரம். ஏரி மேல ஆவி. அம்மா கழுத்து வரைக்கும் தண்ணியில உட்கார்ந்து, முட்டியை ரெண்டு கையாலயும் தடவிக்கிட்டே சொன்னாங்க, "உங்கப்பா இருந்திருந்தா, 'இதுக்கு நம்ம குற்றாலம் போதாதா'ன்னு கேட்டிருப்பாரு. ஆனா எழுந்திரிச்சு வந்திருக்க மாட்டாரு."

அப்புறம், "ஃபீஸ் கட்டினதுக்கு அவரு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. நீயும் விட்டுரு"ன்னாங்க. நான் எதுவும் கேட்கலை. அவங்களா சொன்னதுதான்.

இன்னொரு கணக்கு: நம்ம காசு யாருக்குப் போகுது?

விடுதிக்குப் பக்கத்துலயே உபோபோய் இருக்கு. 2020 ஜூலையில திறந்த தேசிய வளாகம். நாங்க போனப்போ நுழைவுச் சீட்டு 1,200 யென். அய்னு தேசிய அருங்காட்சியகம், பாட்டு, நடனம் எல்லாம் அங்க. 'எல்லாரும் சேர்ந்து பாடுறது'ன்னு பேருக்கு அர்த்தம். கொஞ்சம் தள்ளி ஒரு நினைவிடமும் இருக்கு. ஆராய்ச்சின்னு சொல்லி அய்னு மக்களோட கல்லறைகளைத் தோண்டி, பல்கலைக்கழகங்கள்ல வச்சிருந்த எலும்புகளைக் கொண்டுவந்து வச்ச இடம். விடுதியோட அழகைப் பார்த்துட்டு இதைப் பார்க்காம வரக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

ஏன்னா, முதல்ல சொன்ன கேள்வி இதுதான். அய்னு பண்பாட்டை மனசுல வச்சுக் கட்டின விடுதியும், அய்னு மக்கள் நடத்துற கடையும் ஒண்ணு இல்லை. விடுதியை நடத்துறது ஒரு பெரிய ஜப்பானிய நிறுவனம். அது தப்புன்னு சொல்லலை, நானே தங்கினேன், சந்தோஷமா இருந்தேன். ஆனா பேரேட்டுல ரெண்டையும் ஒரே தலைப்புல எழுத முடியாது.

அதனால பொருள் வாங்க ஒதுக்கின 9,000 ரூபாயை விமான நிலையக் கடையில செலவு பண்ணலை. செஞ்சவங்க பேர் போட்ட பொருளாப் பார்த்து வாங்கினேன். நிபுதானி ஊர்ல மரத்தட்டுல செதுக்குற 'இதா', மரப்பட்டை நார்ல நெய்யுற 'அத்துஷ்' துணி, ரெண்டும் 2013-ல ஜப்பான் அரசோட பாரம்பரியக் கைவினைப் பட்டியல்ல சேர்ந்தது. ஹொக்கைடோவிலிருந்து முதல்ல சேர்ந்ததும் அதுதான். உங்களுக்கு நேரம் இருந்தா கிழக்கே அக்கான் ஏரிக்கும் போங்க. அங்கயும் வெந்நீர் ஊற்று உண்டு. அய்னு குடும்பங்கள் குடியிருந்து கடை நடத்துற 'கோத்தான்'ங்கிற கிராமம் இருக்கு. 2012-ல திறந்த 'இகோர்'ங்கிற நாடக அரங்கும் இருக்கு.

இது ஜப்பானுக்கு மட்டும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் பட்ஜெட்ல ஒரு வரி சேர்த்துக்கோங்க: 'அந்த மண்ணுக்காரங்க கையில நேரா கொடுக்கிறது'. நான் 4% வச்சேன். அடுத்த தடவை 10%.

நீங்க இன்னைக்குப் பண்ண வேண்டியது

1. எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கான்னு பாருங்க. ஆறு மாசச் செலவு கையில இல்லைன்னா, முதல்ல அது. எங்கப்பா ஆர்.டி. மூணு தடவை உடைஞ்சதுக்குக் காரணமே அது இல்லாததுதான்.
2. அப்புறம் ஒரு தனி ஆர்.டி. 2,000 ரூபாயானாலும் சரி. ஆப்ல அதுக்கு ஒரு பேர் வைங்க. 'ட்ரிப்'னு வேண்டாம். யாரைக் கூட்டிட்டுப் போறீங்களோ அவங்க பேர்.
3. முடியுற தேதியை அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிருங்க. சொல்லிட்டா உடைக்க மனசு வராது.

அம்மாவுக்கு இப்போ 64. அடுத்த ஆர்.டி. போன மாசம்தான் ஆரம்பிச்சேன். எந்த ஊருன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, காஷ்மீரே போகலாம்"னாங்க.